கூகுளில் முதலிடம்: காசு கொடுத்தால் கிடைத்துவிடுமா?

“மாதம் இத்தனை வெள்ளி கட்டுங்கள், கூகுளின் முதல் பக்கத்தில் உங்கள் கடை நிற்கும்.” புலனத்தில் இப்படி ஒரு செய்தி வராத சிறு வணிகர் இன்று குறைவு.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த பங்சார், இன்று கோலாலம்பூரில் கடை வாடகை அதிகமான வட்டாரங்களில் ஒன்று. ஜாலான் தெலாவியிலும் ஜாலான் மாரோஃபிலும் உணவகம், தையற்கடை, அழகு நிலையம், கிளினிக் என்று நெருக்கமாக இருக்கின்றன. தெருவில் நடந்து வந்து கடையைப் பார்ப்பவர்களைவிட, கைப்பேசியில் தேடிவிட்டு வருபவர்களை நம்பும் கடைகள் பல. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் இதே நிலைதான். தோட்டப்புற வீடுகளில் முறுக்கும் அதிரசமும் செய்து பட்டணத்திற்கு அனுப்பும் பெண்களுக்கும் இது பொருந்தும். வாடகையும் சம்பளமும் போக மிஞ்சும் பணம்தான் விளம்பரத்திற்குப் போகிறது. அதைத் தவறான நம்பிக்கையில் இழந்துவிடக் கூடாது.

கூகுளில் எதையாவது தேடினால் பெரும்பாலும் மூன்று பகுதிகள் வரும். ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறியுடன் வருபவை கட்டண விளம்பரங்கள். வரைபடத்துடன் வருபவை அக்கம்பக்கக் கடைகள். மற்றவை இயல்பான முடிவுகள். இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல குழப்பங்கள் தொடங்குகின்றன.

தவறான எண்ணம் 1: விளம்பரம் போட்டால் இயல்பான தேடலிலும் மேலே ஏறலாம்

ஏற முடியாது. விளம்பரத்திற்குக் கட்டும் பணம் இயல்பான முடிவுகளின் வரிசையை மாற்றாது என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. விளம்பரம் வாடகை வீடு மாதிரி. பணம் கட்டுவதை நிறுத்தியதும் இடம் போய்விடும். இயல்பான இடம் உங்கள் அகப்பக்கத்தின் தரத்தாலும், மற்றத் தளங்கள் அதைச் சுட்டிக்காட்டுவதாலும் மெல்ல மெல்ல வருவது. அந்தப் பணியின் பலன் தெரிய பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று 2017இல் கூகுளே விளக்கியது.

தவறான எண்ணம் 2: முதலிடத்திற்கு உத்தரவாதம் தரும் நிறுவனமே நல்ல நிறுவனம்

யாராலும் முதலிடத்திற்கு உத்தரவாதம் தர முடியாது என்பது கூகுளின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. அப்படியானால் சிலர் எப்படி ‘செய்து காட்டுகிறார்கள்’? யாரும் தேடாத சொற்களைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார்கள். உங்கள் கடையின் முழுப்பெயரோடு தெருப் பெயரையும் சேர்த்துத் தேடினால் உங்கள் கடைதான் முதலில் வரும். அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சிலர் குறுக்கு வழியில் போகிறார்கள். பக்கத்தின் உள்குறிப்பில் நூறு சொற்களைத் திணிப்பது அதில் ஒன்று. அந்தக் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது. காசு கொடுத்து இணைப்புகளை வாங்குவது இன்னொன்று. இதைத் தண்டிக்க 2012 ஏப்ரலில் ‘பென்குயின்’ என்ற மாற்றம் கொண்டுவரப்பட்டது. அதனால் பின்னுக்குத் தள்ளப்பட்ட தளங்கள் பல.

தவறான எண்ணம் 3: அதிகப் பணம் கொடுப்பவருக்கே மேலிடம்

கூகுள் விளம்பரம் ஒருவகை ஏலம். ஒவ்வொரு தேடலின்போதும் அந்த ஏலம் புதிதாக நடக்கிறது. ஆனால் கேட்கும் விலையோடு, விளம்பரம் தேடிய சொல்லுக்குப் பொருந்துகிறதா, கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் பயனுள்ளதா என்பதும் கணக்கில் வருகிறது. ஒரு கிளிக்குக்கு 3 வெள்ளி கேட்டும் பக்கம் மோசமாக இருந்தால், 2 வெள்ளி கேட்டு நல்ல பக்கம் வைத்திருப்பவர் உங்களுக்கு மேலே வரலாம். ‘திருமண கேட்டரிங்’ என்று தேடி வந்தவரைக் கடையின் முகப்புப் பக்கத்தில் விட்டுவிடாமல், கேட்டரிங் விலையும் படங்களும் உள்ள பக்கத்திற்கே நேராகக் கொண்டு செல்லுங்கள்.

தவறான எண்ணம் 4: நான் தேடினால் என் கடைதான் முதலில் வருகிறது

கடைக்குள் நின்றுகொண்டு தேடினால் வரத்தான் செய்யும். வரைபட முடிவுகளில் தேடியதற்குப் பொருத்தம், தேடுபவர் இருக்கும் தொலைவு, கடை எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் கூகுள் பார்க்கிறது. நீங்கள் தெலாவியில் நின்று தேடும்போது தொலைவு மிகக் குறைவு. கிள்ளானில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அதே வரிசை வராது. உங்கள் விளம்பரத்தை நீங்களே அடிக்கடி தேடிப் பார்ப்பதும் நல்லதல்ல. பார்த்தும் கிளிக் செய்யாமல் விட்டால், அந்த விளம்பரத்தை விரும்பாதவர்கள் அதிகம் என்ற கணக்கு ஏறும். கிளிக் செய்தால் உங்கள் காசுதான் போகும்.

தவறான எண்ணம் 5: கிளிக் வந்தால் வியாபாரம் வந்துவிட்டது

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு கிளிக்குக்கு 2 வெள்ளி, மாதம் 300 கிளிக், செலவு 600 வெள்ளி. அந்த 300 பேரில் 6 பேர் ஆர்டர் கொடுத்தால், ஓர் ஆர்டரைப் பெற 100 வெள்ளி செலவாகிறது. முறுக்கு டப்பா விற்று ஆர்டருக்கு 40 வெள்ளி லாபம் பார்ப்பவருக்கு இது நட்டம். திருமண விருந்து ஆர்டரில் 400 வெள்ளி லாபம் பார்ப்பவருக்கு இது நல்ல வியாபாரம். ஆகவே விளம்பரம் பலித்ததா என்பதைக் கிளிக் எண்ணிக்கை மட்டும் சொல்லாது. எத்தனை அழைப்பு, எத்தனை புலனச் செய்தி, எத்தனை ஆர்டர் என்று எழுதி வையுங்கள்.

வீண் கிளிக்குகளைத் தடுக்கவும் வழி உண்டு. உணவக விளம்பரத்தை ‘ரெசிப்பி’ தேடுபவரும் ‘கெர்ஜா கோசோங்’ தேடுபவரும் கிளிக் செய்யலாம். இத்தகைய சொற்களை விலக்குச் சொற்களாகப் பதிந்துவிட்டால் அவர்களுக்கு விளம்பரம் போகாது. இடத்தையும் கவனியுங்கள். கூகுள் முதலில் தரும் அமைப்பில், பங்சாரில் இருப்பவருக்கு மட்டுமின்றி, பங்சார் மீது ‘ஆர்வம்’ காட்டும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும். அக்கம்பக்க வாடிக்கையாளர் மட்டும் போதும் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

தவறான எண்ணம் 6: நாளுக்கு 20 வெள்ளி என்று வைத்தால் 20க்கு மேல் போகாது

ஒரே நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 40 வெள்ளி வரை போகலாம். ஆனால் மாதக் கணக்கில் நாள் தொகையின் 30.4 மடங்குக்கு மேல் போகாது. 20 வெள்ளி என்றால் மாத உச்சம் 608 வெள்ளி. இதோடு வரியும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்களின் டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதிக்கப்பட்டது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. 608 வெள்ளி அதனால் 656 வெள்ளி 64 காசாகிறது. ஏஜென்சியின் கட்டணம் தனி. கூகுளுக்குப் போவது எவ்வளவு, ஏஜென்சிக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பில்லைக் கேளுங்கள்.

தவறான எண்ணம் 7: என் கடைப் பெயரில் வேறு யாரும் விளம்பரம் செய்ய முடியாது

சென்னையில் இது நீதிமன்றம் வரை போனது. பாரத்மேட்ரிமோனி, தமிழ்மேட்ரிமோனி தளங்களை நடத்திய கான்சிம் நிறுவனம், தன் பெயர்களைத் தேடுசொற்களாக வைத்துப் போட்டி நிறுவனங்கள் கூகுளில் விளம்பரம் செய்வதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அந்தப் பெயர்களில் இருப்பவை தொழிலை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மலேசிய நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் வணிகர்களுக்கு அதில் பாடம் உண்டு. ‘இந்தியன் கேட்டரிங்’ போன்ற பொதுப் பெயர் வைத்தால் அதைக் காப்பது கடினம். பதிவு செய்த வணிகச் சின்னம் விளம்பர வாசகத்தில் பயன்படுத்தப்பட்டால் கூகுளிடம் புகார் செய்யலாம். அதைத் தேடுசொல்லாக வைப்பதைக் கூகுள் தடுப்பதில்லை.

தவறான எண்ணம் 8: நம் கடைக்கு நம் சொல்லே போதும்

தமிழ் விளம்பரங்களைக் கூகுள் 2018 முதல் ஏற்கிறது. தமிழ்ப் புத்தகம், திருமணச் சேவை, சமயப் பொருள் விற்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால் பங்சாரில் வாழை இலைச் சாப்பாட்டைத் தேடுபவர்களில் மலாய்க்காரரும் சீனரும் உண்டு. தமிழர்களிலும் பலர் ‘பனானா லீஃப் பங்சார்’ என்றோ ‘நாசி டாவுன் பிசாங்’ என்றோதான் தட்டுகிறார்கள். வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் தேடுகிறார் என்பதை விளம்பரக் கணக்கின் அறிக்கையிலேயே பார்க்கலாம். அதைப் பார்த்துச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

தவறான எண்ணம் 9: பணம் கட்டிவிட்டோம், மற்றதை ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்

பெரிய இழப்பு இங்கேதான் ஏற்படுகிறது. அகப்பக்க முகவரி, விளம்பரக் கணக்கு, வரைபடப் பதிவு மூன்றும் ஏஜென்சியின் மின்னஞ்சலில் இருந்தால், உறவு முறிந்த நாளில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. பழைய அறிக்கைகள் போகும். வாடிக்கையாளர் எழுதிய கருத்துகளுக்குப் பதில் சொல்லும் உரிமைகூடப் போய்விடலாம். மூன்றும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். ஏஜென்சிக்கு நுழையும் அனுமதி மட்டும் கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

எழுத்து ஒப்பந்தமும் அவசியம். பயனீட்டாளர் தீர்ப்பாயம் சொந்த, வீட்டு உபயோகத்திற்காகப் பொருளும் சேவையும் வாங்குவோருக்காக அமைந்தது. தொழிலுக்காக வாங்கிய சேவையில் தகராறு வந்தால் அந்த எளிய வழியை நம்பியிருக்க முடியாது. கையில் இருக்கும் ஒப்பந்தம்தான் உங்களுக்குத் துணை.

செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன் கூகுளின் வணிகப் பதிவை நீங்களே செய்துகொள்ளுங்கள். அது முற்றிலும் இலவசம். திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள், தீபாவளி விடுமுறை நாள் எல்லாம் சரியாக இருக்கட்டும். வீட்டிலிருந்து செய்து வாடிக்கையாளரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் பதியலாம். வீட்டு முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டும் வசதி உண்டு. வாங்கிச் சென்றவர்களிடம் உண்மையான கருத்தை எழுதக் கேளுங்கள். காசு கொடுத்துக் கருத்து எழுதச் செய்வது கூகுள் விதிக்கு எதிரானது.

அதன் பிறகும் விளம்பரம் தேவை என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கணக்கு யார் பெயரில் இருக்கும்? கூகுளுக்குப் போகும் தொகை எவ்வளவு? எந்தச் சொற்களுக்கு, எந்த ஊர்களில் விளம்பரம் வரும்? ஓர் ஆர்டருக்கு ஆன செலவை மாதந்தோறும் காட்டுவீர்களா? நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால் சிறு தொகையோடு தொடங்கிப் பார்க்கலாம். ‘முதலிடம் உத்தரவாதம்’ என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்தப் பணத்தை அடுத்த மாத வாடகைக்கு வைத்துக்கொள்வது நல்லது.