குருந்தக்கல், சாணை, கிரைண்டர்: ஒரு அரிவாள் பளபளப்பின் கதை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்றைக்கு எந்தக் கொல்லுப் பட்டறை முன்னால் நின்றாலும் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று சம்மட்டி அடி. அது ரொம்பப் பழசு. இன்னொன்று காதைக் கிழிக்கும் ஆங்கிள் கிரைண்டர். துருத்திக்குப் பதில் புளோயர் வந்தது, இரும்புக்கட்டிக்குப் பதில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை வந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த மாற்றம். ஆனால் கத்தியைத் தேய்க்கிற வேலை எப்படி மாறியது என்று யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு அதில்தான் ஆர்வம்.

அடித்து முடித்த அரிவாள் கறுப்பாக, மேடு பள்ளமாக இருக்கும். அதை அரத்தால் ராவி, பிறகு சாணை பிடிப்பார்கள். (கருக்கரிவாள் வேறு வகை. அதற்கு உளியால் பல் வெட்டிக் கருக்குப் போடுவார்கள். சாணை வைத்தால் பல் போய்விடும்.)

பழைய சாணைச் சக்கரம் மலையிலிருந்து வெட்டி எடுத்த கல் இல்லை, செய்து எடுத்தது. குருந்தக்கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்ப்பார்கள். அச்சில் வாரைச் சுற்றி ஒருத்தர் முன்னும் பின்னும் இழுக்க, இன்னொருத்தர் கத்தியைப் பிடிப்பார். தேய்ப்புப் பொடியை ஒட்டுப்பொருளில் கட்டிச் சக்கரமாக்குவது என்பதுதான் இன்றைய கிரைண்டிங் வீலின் அடிப்படையும்.

ஏன் குருந்தம்? மோஸ் கடினத்தன்மை அளவில் வைரம் 10, குருந்தம் 9, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. துவைச்சல் ஏறிய எஃகும் ஏறக்குறைய அந்த 7 பக்கம்தான் நிற்கும். அதனால் மணற்கல் எஃகைத் தேய்க்கத் திணறும், குருந்தம் சுலபமாகத் தின்னும். மாணிக்கமும் நீலக்கல்லும்கூட வேதியியல்படி இதே அலுமினியம் ஆக்சைடுதான். நிறம் கொடுக்கும் கலப்பு மட்டுமே வேறு.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருகிறோம். ஆங்கிலத்தில் இந்தக் கனிமத்துக்குப் பெயர் 'கொரண்டம்'. நம்ம 'குருந்தம்'தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மதராஸிலிருந்து டாக்டர் ஆண்டர்சன் இந்தக் கல்லை எடின்பரோவில் கல் செதுக்கும் வில்லியம் பெர்ரிக்கு அனுப்பினார். 1798இல் சார்லஸ் கிரெவில் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரையே எழுதினார். அதில் திருச்சிராப்பள்ளியிலிருந்து போய் விசாரித்த தகவலும், பரமத்திப் பக்கம் கல் தோண்டிய விவரமும் வருகிறது. பரமத்தி இன்று நாமக்கல் மாவட்டம். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டம்தான். அரியலூரின் சுண்ணாம்புப் பாறையில் குருந்தம் கிடைக்காது. அது கடல் படிவு, அங்கே கிடைப்பது தொல்லுயிர் எச்சம். மேற்கே உள்ள பழைய பாறைகளிலிருந்துதான் குருந்தம் வர வேண்டும்.

அடுத்த கட்டம் அமெரிக்கா. 1891இல் எட்வர்ட் அச்சேசன் மின் உலையில் ஒரு புதுப் பொருளைச் செய்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, குருந்தம் அதில் துளியும் இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியோடும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனியோடும் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. இங்கிருந்து கப்பலேறிய சொல், கம்பெனிப் பெயராகத் திரும்பி வந்தது. பாக்சைட்டை உருக்கிச் செய்யும் செயற்கை அலுமினியம் ஆக்சைடும் பிறகு பரவியது. பட்டறையில் இன்று மாட்டும் டிஸ்க், உப்புத்தாள், சாண்டர் பெல்ட் பலவற்றிலும் ஒட்டியிருப்பது அதுதான். அதாவது, செய்த குருந்தம்.

அப்படியென்றால் என்னதான் மாறியது? வேகமும் ஒட்டுப்பொருளும்.

ஒரு சின்னக் கணக்கு. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால், டிஸ்க் ஓரம் நொடிக்குச் சுமார் 58 மீட்டர் போகும். ஒரு அடி விட்டமுள்ள சாணையை நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றினாலும் நொடிக்கு 3 மீட்டர்தான் வரும். கிட்டத்தட்ட 18 மடங்கு வித்தியாசம். அந்த வேகமெல்லாம் உராய்வுச் சூடாகக் கத்தி முனையில் இறங்கும்.

முனை மெல்லியது, சூடு பரவ இடமில்லை. எஃகு 220 டிகிரி செல்சியஸ் பக்கம் வைக்கோல் நிறம் காட்டும், 300 பக்கம் நீலம். துவைச்சல் போட்ட முனை நீலமானால் அந்த இடத்தில் கடினம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பார்க்கக் கண்ணாடி மாதிரி மின்னும், பத்து கரும்பு வெட்டியதும் மழுங்கும்.

அரக்குச் சாணையில் இந்த ஆபத்து குறைவு. அரக்கு 80 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பிக்கும். அழுத்திச் சூடாக்கினால் கத்தி கெடும் முன்னால் சக்கரமே இளகும், பிடிப்பவர் கையை எடுத்தே ஆக வேண்டும். எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால் அது உள்ளேயே வைத்த 'ரேட் லிமிட்'. இன்றைய டிஸ்கின் ரெசின் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாங்கும். ஆக, நிறுத்த வேண்டியது மனுசன்தான்.

இதற்காகப் பழையதே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நாள் முழுக்க வார் இழுத்தவரின் தோளை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மணற்கல் சக்கரத்தில் உலர்வாகத் தேய்த்த தொழிலாளர்கள் பலர் முப்பதுகளிலேயே நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். மணற்கல்லின் சிலிக்காத் தூசிதான் காரணம். செயற்கைச் சக்கரம் வந்ததில் அந்த ஆபத்து குறைந்தது. ஆனால் இரும்புத் தூளும் பொறியும் அப்படியே இருக்கின்றன. நம்ம பட்டறைகளில் கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் கிரைண்டர் பிடிப்பதைத்தான் அதிகம் பார்க்கிறேன். டிஸ்கை விட இரண்டும் விலை அதிகமில்லை.

நல்ல கொல்லர் செய்கிற முறை எளிது. பெரும்பகுதித் தேய்ப்பைத் துவைச்சலுக்கு முன்னாலேயே முடித்துவிடுவார். அதற்குப் பிறகு கிரைண்டரை லேசாகத் தொட்டு, கத்தியை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பார். கை பொறுக்கிற சூடுதான் அவருக்கு அளவு. கடைசிக் கூர் கையால், கல்லில்.

அடுத்த முறை அரிவாள் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, எங்கேயாவது நீலம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியிருந்தால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.