முதல் ஒலி: பார்வையற்றோர் தம் கணினியைத் தாமே நிறுவிக்கொண்ட வரலாறு

கணினியைப் பயன்படுத்துவதும் அதைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. பார்வையற்றோரின் கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதலாவதையே எழுதுகின்றனர்: எந்த ஆண்டில் எந்தத் திரைவாசிப்பான் வந்தது, எவற்றையெல்லாம் வாசித்தது என்று. இரண்டாவதன் வரலாறு அரிதாகவே பேசப்படுகிறது. ஆனால் தற்சார்பு என்ற சொல்லுக்கு உண்மையான உரைகல் அதுவே என்பது என் கருத்து.

சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லலாம். திரைவாசிப்பான் ஒரு மென்பொருள். அது இயங்க ஓர் இயங்குதளம் வேண்டும். இயங்குதளமே இல்லாத வெற்றுக் கணினியில் நிறுவல் தொடங்கும்போது, திரை வரிசையாகக் கேள்விகள் கேட்கிறது: எந்த மொழி, எந்த விசைப்பலகை, வட்டின் எந்தப் பகுதியை அழிக்கலாம்? கடைசிக் கேள்விக்குத் தவறாக விடையளித்தால் பல ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் அழியும். அந்தக் கேள்வியைப் படித்துச் சொல்ல வேண்டிய மென்பொருளோ இன்னும் பிறக்கவேயில்லை. எனவே, நிரல் எழுதத் தெரிந்த பார்வையற்றவர்கூடத் தன் சொந்தக் கணினியின் வாசலைக் கடக்க ஒரு சோடிக் கண்களை இரவல் பெற வேண்டியிருந்தது.

இந்த வாசல் முதலில் திறந்தது வரைகலைத் திரையில் அன்று, எழுத்துத் திரையில். கட்டளைவரிக் காலத்துக் கணினியின் திரையில் இருந்தவை எழுத்துகள். நினைவகத்திலும் அவை எழுத்துகளாகவே இருந்தன. அவற்றை எடுத்துப் பேச்சுத் தொகுப்பிக்கு அனுப்புவது ஒப்பீட்டளவில் எளிது. 1989இல் டெட் ஹென்டரின் நிறுவனம் டாஸ் இயங்குதளத்துக்கு வெளியிட்ட ஜாஸ் இவ்வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் உலகில் 1995இல் பிரெய்ல் காட்சிக் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் தோன்றியது. பின்னர், பார்வையற்ற நிரலாளர் கர்க் ரைசரின் முன்முயற்சியில் ஸ்பீக்கப் உருவானது. இது கெர்னலுக்குள்ளேயே அமர்ந்திருந்ததால், கணினி விழித்தெழும்போது வரும் செய்திகளையே பேசியது. ஸ்லாக்வேர் வழங்கல் ஸ்பீக்கப் சேர்ந்த கெர்னலைத் தன் நிறுவல் வட்டிலேயே தந்தது. தனியொரு பேச்சுக் கருவியைக் கணினியோடு இணைத்திருந்தவர், பிறர் உதவியின்றி இயங்குதளத்தை நிறுவ முடிந்தது. ஆனால் அக்கருவிகள் விலை மிக்கவை. கையில் பணமிருந்தவருக்கே வாசல் திறந்தது.

இதே 1995இல் டி. வி. ராமன் இமேக்ஸ்பீக்கை வெளியிட்டார். புணேயில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையிழந்து, மும்பை ஐஐடியிலும் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அவர். கணிதச் சமன்பாடுகளைச் செவிக்குரிய வடிவில் பேசும் ஆஸ்டர் என்னும் அமைப்பே அவரது முனைவர் பட்ட ஆய்வு. இமேக்ஸ்பீக் திரையை வாசிப்பதில்லை. திரைக்குப் பின்னால் உள்ள தகவலின் அமைப்பைப் பேசுகிறது. ஒரு நாட்காட்டியைத் திரைவாசிப்பான் எண்களின் அடுக்காக ஒப்புவிக்கும். இமேக்ஸ்பீக் கிழமை, நாள், மாதம், ஆண்டு என முழுமையாகச் சொல்லும். மொழியியல் மாணவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. முதலாவது புறவடிவத்தைப் படிப்பது. இரண்டாவது பொருளைப் படிப்பது.

வரைகலை இடைமுகம் வந்தபோது இந்த வேறுபாடே வாழ்வா சாவா என்ற கேள்வியானது. 1984இல் மெக்கின்டாஷும் 1990இல் விண்டோஸ் 3.0உம் கணினியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றன. கண்ணுள்ளவர்க்கு அது விடுதலை. பார்வையற்றவர்க்கோ ஏற்கெனவே கைவந்திருந்த இடம் பறிபோனது. திரையில் இப்போது இருந்தவை எழுத்துகள் அல்ல, புள்ளிகள். 'சரி' என்ற பொத்தான் இயந்திரத்தின் பார்வையில் சில நிறப்புள்ளிகளின் தொகுதி மட்டுமே. 1989இல் பெர்க்லி சிஸ்டம்ஸ் மெக்கின்டாஷுக்கு வெளியிட்ட அவுட்ஸ்போக்கனும், 1995இல் வந்த விண்டோஸ் ஜாஸும் ஒரு தந்திரத்தைக் கையாண்டன: திரையில் எழுத்தை வரையும் கட்டளைகளை இடைமறித்து, திரைக்குப் பின்னால் ஒரு நிழல் திரையைக் கட்டி, அதிலிருந்து படித்தன.

தொல்காப்பியத்தின் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அடுக்குகளை உவமையாகக் கொண்டால், இது எழுத்திலிருந்து பொருளை ஊகிக்கும் முயற்சி. இதற்கு மாற்றாக வந்தது அணுகல் மரம். திரையிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் தன் பெயர் என்ன, தன் வகை என்ன, தன் நிலை என்ன என்பதைத் தானே அறிவிக்க வேண்டும். 'உடன்படுகிறேன், தேர்வுப்பெட்டி, தேர்வு செய்யப்படவில்லை.' கண்ணுக்குச் சதுரமாகத் தெரிவது செவிக்கு ஒரு சிறு தொடராகிறது. இதற்கு நிரலை எழுதியவரே பெயர் சூட்டியிருக்க வேண்டும். பெயரிடப்படாத பொத்தானை 'பொத்தான்' என்று மட்டுமே திரைவாசிப்பானால் சொல்ல முடியும். ஆகவே அணுகல்தன்மை இறுதியில் பெயரிடும் ஒழுக்கம்.

லினக்ஸ் வரைகலைத் திரைக்கு இவ்வொழுக்கம் சட்டத்தின் அழுத்தத்தால் விரைந்து வந்தது. அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவு 1998இல் திருத்தப்பட்டு, கூட்டரசு வாங்கும் மென்பொருள்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டுமென்று விதித்தது. அரசுக்குக் கணினி விற்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸ், குனோம் திரைச்சூழலில் அணுகல் கட்டமைப்பை வளர்க்க முனைந்தது. 2002இல் வெளிவந்த குனோம் 2.0 அதைத் தாங்கி வந்தது. சன்னில் பணியாற்றிய பார்வையற்ற நிரலாளர் மார்க் மல்கேஹி தொடங்கிய திரைவாசிப்பானே ஓர்கா. ஜாஸ் என்பது சுறாவை நினைவூட்டும் பெயர். கடல்வாழ் உயிரிகளின் பெயர் சூட்டும் அம்மரபைத் தொடர்ந்து இது திமிங்கிலத்தின் பெயரைப் பெற்றது. 2006இல் குனோம் 2.16உடன் ஓர்கா அதன் இயல்புத் திரைவாசிப்பானாயிற்று.

இடையில் 2005இல் மாசச்சூசெட்ஸ் மாநில அரசு திறந்த ஆவண வடிவத்துக்கு மாற முடிவெடுத்தபோது, மாற்றுத்திறனாளர் அமைப்புகளே அதை எதிர்த்தன. திறந்த மென்பொருள் கொள்கையளவில் எல்லாருக்கும் உரியது. ஆனால் அன்று பார்வையற்ற அரசு ஊழியர் வேலை செய்யும் அளவுக்கு அது பேசவில்லை. மூலநிரல் திறந்திருப்பதும் வாசல் திறந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இனி நிறுவலுக்கு வருவோம். 2005இல் ஆப்பிள் தன் இயங்குதளத்திலேயே வாய்ஸ்ஓவரைச் சேர்த்தது. லினக்ஸில் உபுண்டு, நிறுவுமுன்னரே வட்டிலிருந்து ஓடும் திரைச்சூழலில் ஓர்காவை இயக்க வழிசெய்தது. மிகப் பொறுமையான தீர்வு டெபியனுடையது. 2009இல் வந்த ஐந்தாம் வெளியீட்டில் பிரெய்ல் கருவிகளுக்கும் தனிப் பேச்சுக் கருவிகளுக்கும் நிறுவி இடமளித்தது. 2013இல் வந்த ஏழாம் வெளியீட்டில், எந்தத் தனிக்கருவியும் இன்றிக் கணினியின் சொந்த ஒலியட்டை வழியே நிறுவி பேசத் தொடங்கியது.

அதன் நடைமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்கப் பட்டியல் ஆயத்தமானதும் கணினி ஒரு 'பீப்' ஒலி எழுப்பும். பயனர் 'எஸ்' விசையை அழுத்தி என்டர் தட்டுவார். பேச்சு தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசி, குரல் கேட்குமிடத்தில் என்டரை அழுத்தச் சொல்லும். பிறகு ஒவ்வொரு கேள்வியும் எண்ணிட்ட விடைகளுடன் ஒலிக்கும். எண்ணைத் தட்டினால் போதும். நிறுவல் முடிந்ததும் இந்த அமைப்பு புதிய இயங்குதளத்துக்கும் கடத்தப்படுகிறது. இத்தனைக்கும் அடிப்படை, சில மெகாபைட் அளவே கொண்ட ஈஸ்பீக் என்னும் பேச்சுத் தொகுப்பி. ஜோனதன் டடிங்டன் உருவாக்கிய அதன் குரல் இயந்திரத்தனமானது. இனிமையற்றது என்று பலரும் குறை சொல்வர். ஆனால் சிறிதாக இருந்ததாலேயே அது நிறுவியின் வாசலுக்குள் நுழைந்தது.

ஈஸ்பீக் தமிழும் பேசும். பதிவுசெய்த குரலைக்கொண்டு அன்றி விதிகளைக்கொண்டு ஒலியை உருவாக்குவதால் இது இயன்றது. ககரம் மொழிமுதலில் ஓர் ஒலியையும் மெல்லெழுத்தின் பின் வேறோர் ஒலியையும் பெறுவதைச் சூழல் விதிகளால் சொல்லிவிடலாம். கடன்சொற்களில்தான் அவை தடுமாறும். ஆயினும் நிறுவலில் ஒரு முரண் காத்திருக்கிறது. டெபியன் நிறுவி தமிழாக்கம் பெற்றது. ஆனால் எழுத்துமுறைத் திரையால் தமிழ் வரிவடிவத்தைச் சரிவர வரைய இயலாது என்பதால், தமிழ் அதன் வரைகலை வடிவில் மட்டுமே கிடைக்கிறது. பேச்சுவழி நிறுவலோ எழுத்துமுறையில் நடப்பது. செவிக்கு வரிவடிவம் தேவையே இல்லை. இருந்தும் வரிவடிவத்தின் பொருட்டு எழுந்த தடை செவியின் வழியில் நிற்கிறது. ஆங்கிலம் அறியாத பார்வையற்ற தமிழருக்கு வாசல் இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

இவ்வரலாற்றை முன்னேற்றத்தின் நேர்கோடாகப் படிப்பது பிழை. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியபின் ஓர்காவின் முதன்மைப் பராமரிப்பாளர் வில்லி வாக்கர் வேலையிழந்தார்; அதுவரை பங்களிப்பாளராக இருந்த ஜோன்மேரி டிக்ஸ் பொறுப்பை ஏற்றார். 2011இல் குனோம் 3 வந்தபோது அணுகல் கட்டமைப்பின் அடித்தளம் முழுவதும் கோர்பாவிலிருந்து டி-பஸ்ஸுக்கு மாற்றி எழுதப்பட வேண்டியிருந்தது. எக்ஸ் காட்சியமைப்பில் எந்த நிரலும் எல்லா விசைத் தட்டலையும் கேட்க முடிந்தது. திரைவாசிப்பான் அதை நம்பியே வாழ்ந்தது. அதன் இடத்துக்கு வந்த வேலண்ட், பாதுகாப்புக் கருதி அவ்வழியை அடைத்தது. ஒற்றறிபவருக்கும் வாசித்துச் சொல்பவருக்கும் இயந்திரம் வேறுபாடு காணாது. அவ்வேறுபாட்டை மனிதர்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் பார்வையற்றோர் பெற்ற இடத்தை இழந்து, மறுபடி போராடிப் பெற்றிருக்கின்றனர்.

இன்னும் இரண்டு ஊமை இடங்கள் எஞ்சுகின்றன. எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் கணினியின் அடிநிலை அமைப்புத் திரை பெரும்பாலும் பேசுவதில்லை. மறையாக்கம் செய்த வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் திரையும் பொதுவாக மௌனமாகவே கேட்கிறது. இரண்டும் திரைவாசிப்பான் பிறப்பதற்கு முந்தைய கணங்கள்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொழில்நுட்ப அணுகலை அரசின் கடமையாக்குகிறது. பல்கலைக்கழகங்களில் அக்கடமை பெரும்பாலும் 'ஆய்வகத்தில் திரைவாசிப்பான் நிறுவப்பட்டுள்ளது' என்ற வாக்கியத்தோடு முடிகிறது. அது செயப்பாட்டு வினை, எழுவாய் மறைந்திருக்கிறது. யார் நிறுவியது? நாளை அது பழுதானால், பார்வையற்ற மாணவர் தாமே மறுபடி நிறுவ முடியுமா, அல்லது ஊழியர் விடுப்பு முடிந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டுமா? துறைக்குக் கணினி வாங்கும் குழுவில் இருப்போர் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இந்த இயந்திரம் எந்தக் கணத்திலிருந்து பேசத் தொடங்குகிறது?