அட்டை பார்க்கும் அணு

ஒரகடத்தில் ஷிஃப்டு மாறும் நேரம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முதலில் பார்ப்பது அதைத்தான், முகத்தை அப்புறம். இறங்குகிற ஒவ்வொருவர் ரத்தத்திலும் இதே வேலை நடக்கிறது. பார்ப்பது இயற்கைக் கொல்லி அணு.

அது பிறப்பது எலும்பு மஜ்ஜையில். முன்பின் பார்த்திராத புற்று அணுவையும் எடுத்த எடுப்பில் கொல்லும் என்று 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங் குழு எலிகளில் கண்டது. அப்படியானால் சொந்த உடம்பை ஏன் விட்டுவைக்கிறது? 1986இல் அங்கேயே கிளாஸ் கார்ரே குழு விடை சொன்னது: அட்டை இல்லாததைத்தான் அது தேடுகிறது.

எச்.எல்.ஏ. என்ற புரதமே அந்த அட்டை. கொல்லி அணுவின் மேற்பரப்பிலுள்ள கே.ஐ.ஆர். வகை ஏற்பிகளில் பல அதைத் தொட்டதும் ‘நிறுத்து’ என்கின்றன. அட்டையைப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்கும் டி அணுக்களுக்குத் தப்ப வைரஸும் புற்றும் அட்டையை ஒளிக்கும், இங்கே மாட்டிக்கொள்ளும். மஜ்ஜையில் வளரும்போதே சொந்த அட்டையைத் தொட்டுப் பழகாத கொல்லி அணுவுக்கு முழு வீரியம் வருவதில்லை.

அட்டை இல்லை என்பதற்காக மட்டும் அடி விழாது. சிவப்பணுவில் எச்.எல்.ஏ. அநேகமாக இல்லை, அதை யாரும் தொடுவதில்லை. ‘அடி’ என்று சொல்லவும் ஓர் ஏற்பி வேண்டும். நோயுற்ற அணு வெளியே நீட்டும் மிகா புரதத்தை என்.கே.ஜி.2டி பிடிக்கும், எதிர்ப்பொருள் ஒட்டிய அணுவை சி.டி.16 பிடிக்கும். இரண்டு பக்கமும் கூட்டிக் கழித்து, ‘அடி’ மிஞ்சினால் பெர்ஃபோரின் துளை போடும், கிரான்சைம் உள்ளே இறங்கும், நோயுற்ற அணு தன்னையே மாய்த்துக்கொள்ளும். கொல்லி அணு அடுத்ததைத் தேடிப் போகும். அதன் ஆயுளும் ஏறக்குறைய இரண்டு வாரம்தான்.

கே.ஐ.ஆர். ஏற்பியின் மரபணு 19ஆம் குரோமோசோமில், அட்டையின் மரபணு 6இல். தனித்தனியாகவே பிள்ளைக்கு வருகின்றன; பூட்டு வந்து சாவி வராமலும் போகலாம். ஆய்வாளர்கள் ராஜலிங்கம், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் உள்ளிட்டோர் தென்னிந்தியாவின் முள்ளுக்குறும்பர், காணிக்காரர், பரவர் ஆகியோரின் கே.ஐ.ஆர். மரபணுக்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். ஆதிமனிதர் இடம்பெயர்ந்த தடம் அவற்றில் தெரிவதாக எழுதினார்கள்.

ஒரே பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கம்பெனி அட்டை ஒரே மாதிரி. கே.ஐ.ஆர். மரபணுக்களோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே மாறும்.