மேஜையோடு ஒட்டிய ஸ்டூல்

மேஜை போர்த்துக்கீஸியச் சொல். பெஞ்சு, ஸ்டூல், டெஸ்க் எல்லாம் இங்கிலீஷ். நாற்காலியும் முக்காலியும்தான் நம்முடையவை. அவையும் கால்களை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. உட்காருவதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. உட்காருவதற்கென்று நம்மிடம் இருந்தவை திண்ணை, மணை, தடுக்கு, பாய். இவற்றில் எதற்கும் எதிரே மேஜை கிடையாது. ஓலையில் எழுதுகிறவனுக்கு மேஜை எதற்கு? ஓலை இடது கையில், எழுத்தாணி வலது கையில். காகிதம் வந்த பிறகே அதற்கு அடியில் பலகை வேண்டியிருந்தது. அப்போதும் கணக்கப்பிள்ளைகள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. சம்மணம் போட்டபடி ஒரு சாய்வுப் பெட்டியை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்கள். மூடியின் மேல் எழுத்து. மூடியைத் திறந்தால் உள்ளே பேரேடு, மைக்கூடு, சில்லறை. நம் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்த முதல் மேஜை இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உட்காரும் பலகையும் எழுதும் பலகையும் ஒரே சட்டத்தில் இணைந்து வரும் சாமான் இதற்கு நேர் எதிரான ஒரு மனநிலையிலிருந்து வந்தது. ஆனால் அதன் சரித்திரத்தில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. 1789-ல் எழும்பூரில், ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த விடுதிக்கு ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதையும் பார்த்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் 1797-ல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் போட்டார். அடுத்த ஆண்டு ஜோஸஃப் லங்காஸ்டர் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். லங்காஸ்டரின் கூடத்தில் நம் மணல் தரையை விட்டு மேலே ஏறியது. விளிம்பு வைத்த பலகையில் மணல். அதற்கு இந்தப் பக்கம் நீள பெஞ்சு. இரண்டும் தரையோடு அறையப்பட்டு வரிசை வரிசையாக வாத்தியாரைப் பார்த்தபடி. பெல் முறையில் நடந்த பள்ளிகளிலோ எழுதும் பலகைகள் சுவரோரமாக ஒதுங்கின. கூடத்தின் நடுப்பகுதி காலியாக விடப்பட்டு, பிள்ளைகள் அங்கே குழுக் குழுவாக நின்று பாடம் சொன்னார்கள். நடுவைக் காலியாக விடுவதா, நிரப்பி அறைந்துவிடுவதா என்ற சண்டை அன்றைக்கே தொடங்கிவிட்டது. எழும்பூரில் தரையில் கிடந்த மணல், லண்டனுக்குப் போய் டெஸ்காகி, பிறகு மிஷன் பள்ளிகள் வழியாகவும் சர்க்கார் பள்ளிகள் வழியாகவும் பெஞ்சாகத் திரும்பி வந்தது. நாம் அனுப்பிய சரக்கு என்று அடையாளம் தெரியாமலே வாங்கிக்கொண்டோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் டாக்டர்கள் இதில் நுழைந்தார்கள். பிரெஸ்லாவில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 1867-ல் முடிவுகளை வெளியிட்டார்: வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறிற்று. வெளிச்சக் குறைவோடு டெஸ்கும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அதன் பிறகு ஜெர்மனியிலும் சுவிட்ஸர்லாந்திலும் பல ஆண்டுகள் நடந்த சர்ச்சை முழுவதும் ஒரு சிறு இடைவெளியைப் பற்றியது. மேஜையின் ஓரத்திலிருந்து நூல் விட்டால் அது பெஞ்சின் முன் ஓரத்துக்கு முன்னால் விழுகிறதா, மேலேயே விழுகிறதா? எழுதும்போது பெஞ்சு கொஞ்சம் மேஜைக்கு அடியில் போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வளையும். எழுந்து நிற்கவோ இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முழங்கால் மடங்கியே நிற்கும். தனி ஸ்டூலில் உட்காருகிறவன் இதைத் தன் கையால் ஒரு விநாடியில் தீர்த்துக்கொள்கிறான், இழுத்துக்கொள்கிறான், தள்ளிக்கொள்கிறான். சேர்த்து அறைந்த உடனே அந்த முடிவு தச்சன் கைக்குப் போய்விடுகிறது. அவன் எல்லா உடம்புகளுக்குமாக ஒரே தடவை முடிவு செய்ய வேண்டும். கீல் வைத்த பலகை, நகரும் மேல்தட்டு, மடங்கும் இருக்கை என்று பின்னால் வந்த அத்தனை சாமர்த்தியமும் அறைந்ததால் வந்த கோளாறுக்குச் செய்த வைத்தியம்தான்.

அறைவதையே எதிர்த்தவர்களும் உண்டு. ஜான் டூயி 1899-ல் வந்த தம் நூலில், பிள்ளைகள் வேலை செய்வதற்கேற்ற மேஜை தேடிக் கடை கடையாக அலைந்ததையும், இங்கே இருப்பதெல்லாம் காது கொடுத்துக் கேட்பதற்கானவை என்று ஒரு கடைக்காரர் கைவிரித்ததையும் சொல்கிறார். மரியா மாண்டிஸோரி 1909-ல் எழுதிய நூலில் பள்ளி பெஞ்சை ஒரு அடிமைச் சின்னமாகவே நடத்துகிறார். 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி தந்த அவர், யுத்த காலம் முழுவதும் இந்தியாவில்தான் இருந்தார். தரையில் பாய் விரித்து உட்காரும் தேசத்தில் அவருக்கு அதிகம் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. தரையை மெச்சுவது நம்மில் சிலருக்கு மிகவும் சுலபமாக வருகிறது. தரையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தாமாக விரும்பி உட்கார்ந்தவர்கள் அல்ல. அம்பேத்கர் தாம் படித்த பள்ளியில் தனியே ஒரு கோணிமேல் உட்கார வேண்டியிருந்ததையும், அந்தக் கோணியைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டியிருந்ததையும் எழுதியிருக்கிறார். டீக்கடை பெஞ்சு காலியாக இருக்க, கீழே குந்தி டீ குடிக்க வேண்டியிருந்த ஜனங்கள் நம் கிராமங்களில் இருந்தார்கள். பெஞ்சு அவர்களுக்கு மர வேலைப்பாடு அல்ல. பள்ளிக்கூடத்தில் இருவர் மூவர் சேர்ந்து உட்காரும் பெஞ்சில், பக்கத்துப் பிள்ளை யார் என்று தேர்ந்துகொள்ள முடியாது. எழுந்து தனி ஸ்டூலை இழுத்துக்கொண்டு தள்ளிப் போகவும் முடியாது. அறைந்த சாமானுக்கு அனுகூலமாக நான் கேட்ட வாதங்களில் தள்ள முடியாதது இது ஒன்றுதான். டூயிக்கும் மாண்டிஸோரிக்கும் இது எட்டியிருக்க நியாயமில்லை.

காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1958-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கின. ஆரம்ப மாநாடுகளில் ஒன்று கடம்பத்தூரில், நம் கொரட்டூர் ரயில் பாதையிலேயே திருவள்ளூருக்கு அப்பால். ஊர் ஜனங்கள் கட்டடமும் நிலமும் தந்தார்கள். பெஞ்சு, மேஜை, நாற்காலி, கரும்பலகை, சீருடை என்று கொண்டுவந்து குவித்தார்கள். தம் ஊர்ப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று ஒரு தலைமுறை ஆசைப்பட்டது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, 2007-ல் மாநிலம் முழுவதும் பரவியபோது, சிறு வகுப்புகளில் பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. கல்விமுறையாக அது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் பெற்றோர் சிலர் ஏன் முகம் சுளித்தார்கள் என்பதை அதிகாரிகள் கல்விமுறை நூல்களில் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. 2025 ஜூலையில் ‘ப’ வடிவில் பிள்ளைகளை உட்காரவைப்பது பற்றிப் பேச்சு எழுந்ததும், கழுத்து ஒரு பக்கமே திரும்பி நிற்குமே என்று ஆட்சேபம் வந்ததும் பிரெஸ்லாவின் தொடர்ச்சிதான்.

மேஜையும் ஸ்டூலும் ஒட்டிப் பிறந்து, மடங்கி, சக்கரத்தில் ஓடுவது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகான அமெரிக்கப் பள்ளிகளின் காரியம். ஜனத்தொகை பெருகியது, கட்டடப் பணம் போதவில்லை. ஒரே கூடம் சாப்பாட்டறை, விளையாட்டறை, நாடக அரங்கு எல்லாமாக இருக்க வேண்டியிருந்தது. எட்டு, பன்னிரண்டு ஸ்டூல்கள் ஒட்டிய மேஜையை ஒரே ஆள் நடுவில் மடித்துச் சுவரோரம் தள்ளிவிடலாம். ஸ்டூல்கள் தரையைத் தொடாமல் தொங்குவதால் துடைப்பம் தடையில்லாமல் போகும். உண்மையில் அந்த மேஜையை வடிவமைத்தது துடைப்பம்தான், சாப்பிடுகிற பிள்ளை அல்ல. இங்கே அந்தப் பிரச்னை எழவே இல்லை. 1920-ல் தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டபோதும், 1956-ல் காமராஜர் போட்டபோதும், 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்தபோதும், 2022-ல் காலை உணவு தொடங்கியபோதும், பெரும்பாலும் சாப்பாட்டறை பள்ளி வராந்தாதான், மேஜை தரைதான். தட்டை எடுத்துக் கழுவித் தரையைத் துடைத்தால் மறுபடியும் பள்ளிக்கூடம். பந்தி என்பதே ஒரு மடக்கு மேஜை.

இவ்வளவையும் தேட வேண்டி வந்த காரணம் அற்பமானது. கொரட்டூரில் நான் இருக்கும் குடியிருப்பில் ஒரு பொது அறை உண்டு. காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், மதியம் பெண்களுக்குத் தையல், சாயங்காலம் பத்திரிகை படிக்கிறவர்கள், மாதத்தில் ஒரு நாள் வைத்திய முகாம். நாலு ஸ்டூல்கள் கை நீட்டி ஒட்டிய இரும்பு மேஜைகள் ஆறு வாங்கலாம் என்று யோசனை வந்தது. ‘உடையாது, காணாமல் போகாது’ என்பது கட்சி. விலை விசாரிக்க ஒரு பட்டறைக்குப் போனேன்.

கொரட்டூரைச் சுற்றி இரும்புக் குழாய் தெரியாதவர்கள் குறைவு. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955-ல் ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பட்டறைக்காரர் குழாயை விரலால் தட்டியே கேஜ் சொல்கிறவர். அவரிடம் கற்றதை எழுதிவைக்கிறேன். குழாயில் கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2. கடைகளில் கண்ணைப் பறிக்கும் சாமான்கள் பெரும்பாலும் 18-க்கும் மேலே. தனி ஸ்டூலில் ஆளின் எடை நேராகக் கால்கள் வழியே தரைக்கு இறங்கிவிடுகிறது. ஒட்டிய ஸ்டூலில் 60 கிலோ ஆள் 40 செண்டிமீட்டர் நீளக் கையின் நுனியில் தொங்குகிறார். அவர் எழுந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் பற்றவைத்த இடத்தை நெம்புகோல் போல வளைக்கிறார். விரிசல் பற்றவைப்பில் விழுவதில்லை, அதை ஒட்டி, சூட்டில் குணம் மாறிய இடத்தில் விழுகிறது. மெல்லிய குழாய் என்றால் பற்றவைக்கும்போதே ஓட்டை விழும்; அதை மூடிப் பெயின்ட் அடிப்பார்கள். இன்னொன்று: இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்வரை தராசு சமம், ஒரு பக்கத்தார் எழுந்தால் மறு பக்கத்தோடு மேஜை சாயும். சாயாமலிருக்க அடிக்காலை ஸ்டூலுக்கு அடிவரை நீட்ட வேண்டும். நீட்டினால் நடக்கிறவர் காலை அது தட்டும்.

துரு வேறு. குழாய் வெளியே துருப்பிடித்தால் தெரியும்; உள்ளே பிடித்தால் தெரியாது. காலின் அடியில் செருகும் ரப்பர் புஷ் தேய்ந்ததும், தினமும் தரை துடைக்கும் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் அறையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அப்போதிருந்த மேஜைகளின் மரத்தூள் பலகைகள் ஊறி இட்லிபோல் உப்பிவிட்டன. கால்கள் அன்றைக்கு நன்றாகவே இருந்தன, இரண்டு வருஷம் கழித்து உள்ளிருந்து உதிர்ந்தன. தேக்குப் பலகை போட்ட ஒரு பழைய பெஞ்சு மட்டும் காய்ந்து எழுந்தது.

இவை கைவினைக் குறைகள். பணம் போட்டால் தீரும். தீராதது அந்தப் பழைய இடைவெளி. வைத்திய முகாமுக்கு வரும் கர்ப்பிணிப் பெண் அந்த மேஜைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் நுழைய முடியாது. காலை மடக்க முடியாத கிழவர் முடியாது. தையல் மிஷினுக்கு அது ஆகாது. நான் தனி ஸ்டூல் பக்கம் பேசினேன். கோணியில் உட்கார்ந்த பிள்ளையைப் பற்றிய வாதத்தை யாராவது எழுப்பியிருந்தால் எனக்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருந்திருக்கும். எழுப்பவில்லை, எல்லோரும் திருட்டைப் பற்றியே பேசினார்கள். ஒரே அளவில் முப்பது ஸ்டூல், நாலு தனி மேஜை என்று முடிவாயிற்று.

ஒரே சாமான் ஸ்டூலாகவும் மேஜையாகவும் இருக்க அதை ஒட்டத்தான் வேண்டும் என்பதில்லை. 1925-ல் டெஸ்ஸாவில் பௌஹவுஸ் பள்ளியின் இளம் ஆசிரியர் மார்ஸல் ப்ராயர், தம் அட்லர் சைக்கிளின் வளைந்த கைப்பிடியைப் பார்த்து, இதே குழாயில் நாற்காலி செய்தால் என்ன என்று யோசித்தார். அவரது முதல் குழாய்ச் சாமான்களில் ஒன்று ஒரு சிறு ஸ்டூல். குழாய் மேலே வளைந்து, கீழே வளைந்து, தரையில் சறுக்குக் கட்டைபோல் படுத்துப் போகிறது; தரையில் திறந்த முனையே கிடையாது, புஷ் வேண்டாம், தண்ணீர் ஏற வழியில்லை. மேலே ஒரு பலகை. உட்கார்ந்தால் ஸ்டூல், தட்டை வைத்தால் மேஜை. சிறியதும் பெரியதுமாகச் செய்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிடும். 1926 டிசம்பரில் திறந்த பௌஹவுஸ் கட்டடத்தில் சாப்பாட்டுக் கூடத்துக்கும் அரங்குக்கும் நடுவே ஒரு மேடை இருந்தது. தடுப்பை மடக்கிவிட்டால் மூன்றும் ஒரே கூடம். அரங்கின் பக்கம் ப்ராயரின் மடக்கு இருக்கைகள் வரிசையாகத் தரையோடு முடுக்கப்பட்டிருந்தன. மேடைக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கூடத்தில், ஸ்டூல்கள் அவிழ்ந்து கிடந்தன.