கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர்

கல்லூரி மாணவியரின் கூடைப்பந்து அணியைப் பொறுக்கியெடுத்து, பழக்கி, போட்டிக்கு அழைத்துச் செல்பவர். அமெரிக்காவில் இது தனித் தொழில். நம் பக்கத்தில் இந்தப் பெயரில் நியமன ஆணை வருவது அபூர்வம். கோலார் தங்கவயலில் ஒரு கல்லூரிக்குள் போய் கூடைப்பந்து கோச் யார் என்று கேட்டால், உடற்கல்வி இயக்குநரின் அறையைத்தான் கைகாட்டுவார்கள். கபடி, கோ-கோ, த்ரோபால், செஸ் போட்டிக்கான விண்ணப்பம், விளையாட்டு விழாப் பந்தல் எல்லாம் அவர் தலையில்; அதற்கு நடுவில் கூடைப்பந்து.

ஆட்டம் பிறந்தது 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில். உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித். மறு ஆண்டே அருகிலிருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை விதிகளைப் பெண்களுக்காக மாற்றிக் கற்றுக்கொடுத்தார். இந்தத் தொழிலின் முதல் ஆள் அவர்தான் எனலாம். 1893 மார்ச்சில் அங்கே நடந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை. நம் பக்கத்து உடற்கல்விக்கும் அந்த ஊரோடு தொடர்பு உண்டு: அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்.

தொழிலின் உச்சம் பார்க்க வேண்டுமானால் பேட் சம்மிட். 1974-இல் டென்னசி பல்கலைக்கழக அணியை ஏற்றபோது அவருக்கு வயது 22; மாதச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டியதும் அவர், சீருடை துவைத்ததும் அவர். நம் ஊர் பி.டி. மேடத்தின் கதைதான்! 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆட்டக்காரராக வெள்ளி, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பயிற்சியாளராகத் தங்கம். 38 பருவங்களில் 1,098 வெற்றி, எட்டு தேசியப் பட்டங்கள். அவரிடம் முழுக் காலமும் ஆடிய மாணவியர் அனைவரும் பட்டம் முடித்தார்கள் என்பது கோப்பைகளைவிடப் பெரிய கணக்கு. 2011-இல் அல்சைமர் நோயை வெளிப்படையாக அறிவித்து, மேலும் ஒரு பருவம் அணியோடு நின்றார். 2016-இல் மறைந்தார்.

திறமை மட்டும் சம்மிட்டை அங்கே கொண்டுபோகவில்லை. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குப் பாகுபாடு கூடாது என்று 1972-இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. அதன் பிறகே பெண்கள் அணிக்குப் பணம் வந்தது, பதவியும் தனியாகப் பிரிந்தது.

நம் தங்கவயலிலோ விளையாட்டு என்றாலே ஹாக்கி, கால்பந்து. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போவதே பல குடும்பங்களின் பிழைப்பு. இங்கே ஒரு பெண்ணின் கையில் பந்தைக் கொடுக்கும் பயிற்சியாளரிடம் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: இதனால் வேலை கிடைக்குமா? கிடைக்க வழி உண்டு. கல்லூரி அணி, அங்கிருந்து கோலார் டமகாவைத் தலைமையிடமாகக் கொண்ட பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழக அணி, பிறகு தென்மண்டலப் போட்டி. அதற்கும் மேலே ரயில்வே போன்ற துறைகளின் விளையாட்டு ஒதுக்கீடு. தெற்கு ரயில்வேக்கு ஆடிய சென்னை அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணித் தலைவரானார். ஒன்பது ஆசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஆடி 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். பயிற்சியாளராகவும் ஆனார்.

ஒரு சின்ன விஷயம். பெண்களுக்கான பந்து ஆறாம் எண், ஆண்களுக்கு ஏழு. செலவை மிச்சம் பிடிக்க ஏழாம் எண் பந்து ஒன்றை வாங்கி இரு அணிக்கும் ஓட்டிவிடுவதுண்டு. வளையம் இருவருக்கும் ஒரே உயரம், 3.05 மீட்டர். பெரிய பந்தில் பழகியவள் போட்டியில் சிறிய பந்தைத் தொட்டதும் விரல் பிடி மாறும், ஷாட் நீண்டு பலகையில் மோதும். நல்ல பயிற்சியாளர் சண்டை போட்டாவது ஆறாம் எண்ணை வாங்கிவிடுவார்.

இந்த வேலையைச் செய்யும் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு வர உடற்கல்வியில் 55 சதவீத மதிப்பெண்ணோடு முதுகலைப் பட்டம், நெட் தகுதித் தேர்வு அல்லது அதற்கு இணையானதில் தேர்ச்சி, ஆடிய சான்று ஆகியவற்றைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் கேட்கின்றன. ஓட்டத் தேர்வும் உண்டு: 30 வயது வரையுள்ள பெண் எட்டு நிமிடத்தில் 1,000 மீட்டர் கடக்க வேண்டும்.