கார்டு போட்டாத்தான் ஓடும்: ஃபைனல் ஃபேன்டசி 11 பிசிக்கு வந்த கதை

பழைய கேம் டப்பாக்களில் எனக்குப் பிடிச்சது பின்பக்கம்தான். அங்கே பொடி எழுத்தில் "உங்க கம்ப்யூட்டரில் இதெல்லாம் இருக்கணும்"னு ஒரு பட்டியல் இருக்கும். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் செய்த ஆன்லைன் ரோல் ப்ளேயிங் கேம் ஃபைனல் ஃபேன்டசி 11. அது 2003 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவில் பிசிக்கு வந்தபோது கேட்டது இவ்வளவுதான்: பென்டியம் 3, 800 மெகாஹெர்ட்ஸ். 128 எம்பி ராம். ஹார்ட் டிஸ்க்கில் 6 ஜிபி இடம். கிராஃபிக்ஸுக்கு 32 எம்பி உள்ள என்விடியா ஜீஃபோர்ஸ் வரிசை, இல்லைன்னா ஏடிஐ ரேடியான் 9000 வரிசை.

இதை அதே வருஷம் நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்க பிளாக்கில் இருந்த கம்ப்யூட்டர்களோடு ஒப்பிட்டால் வேடிக்கையா இருக்கும். போனஸ் பணத்தில் வாங்கிய புதுப் பெட்டிகள். பென்டியம் 4, 128 எம்பி ராம், 40 ஜிபி டிஸ்க். முதல் மூணு பாடத்திலும் பாஸ், நாலாவதில் ஃபெயில். கார்டே கிடையாது. மதர்போர்டிலேயே சேர்ந்து வந்த இன்டெல் கிராஃபிக்ஸ்தான், நாங்க 'ஆன்போர்டு'னு சொல்வோமே, அது.

ஒரு விளையாட்டு ஏன் ரெண்டு கம்பெனி பேரைச் சொல்லிக் கார்டு கேட்கணும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு நீண்டது.

ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி ஹவாயில் வேலை செய்த காலத்தில், எவர்க்வெஸ்ட் போன்ற அமெரிக்க ஆன்லைன் விளையாட்டுகளைப் பார்த்து இதே மாதிரி நாமும் செய்யணும்னு முடிவு செய்தார். எவர்க்வெஸ்ட் வந்தது 1999 மார்ச்சில். 3டி கார்டு இல்லாதவன் உள்ளே வர வேண்டாம்னு முகத்துக்கு நேரா சொன்ன முதல் பெரிய விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. ஆனால் ஸ்கொயரின் வீடு கன்சோல். அதனால் 2002 மே மாதம் ஃபைனல் ஃபேன்டசி 11 முதலில் ஜப்பானில் ப்ளேஸ்டேஷன் 2-க்குத்தான் வந்தது. அதுக்கும் தனியா ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி மாட்டணும். நவம்பரில் பிசி பதிப்பு வந்தது. ரெண்டு இயந்திரத்தில் இருப்பவர்களும் ஒரே உலகத்தில், ஒரே சர்வரில் விளையாடலாம் என்பதுதான் திட்டம்.

சொல்றது சுலபம். ப்ளேஸ்டேஷன் 2 என்பது கோடிக்கணக்கில் விற்றாலும் ஒரே இயந்திரம். 32 எம்பி ராம், கிராஃபிக்ஸ் சில்லுக்குள்ளேயே 4 எம்பி நினைவகம். அளவில் சின்னது, வேகத்தில் பேய். முப்பரிமாணக் காட்சியின் ஒவ்வொரு முக்கோணமும் திரையில் எங்கே விழணும்னு கணக்குப் போட 'வெக்டர் யூனிட்' என்று தனிப் பகுதிகள் உண்டு. ப்ரோகிராமர் வன்பொருளோடு நேருக்கு நேர் பேசலாம்.

பிசியில் அந்தப் பேச்சுக்கு நடுவில் ரெண்டு ஆள். மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி ஒன்று, கார்டு கம்பெனி எழுதிய டிரைவர் இன்னொன்று. முக்கோணக் கணக்கை 1999-ல் வந்த ஜீஃபோர்ஸ் 256 முதல் என்விடியா கார்டுகள் தாங்களே செய்ய ஆரம்பித்தன. அதற்கு முந்தைய வீட்டுக் கார்டுகளில் அந்தச் சுமை பிராசசர் தலையில். அப்போ கன்சோலில் வெக்டர் யூனிட் செய்த வேலையை பிசியில் யார் செய்வது? டப்பாவில் இருந்த அந்த நாலாவது வரி இந்தக் கேள்விக்கான பதில்னுதான் நான் படிக்கிறேன்.

எல்லாக் கார்டிலும் சோதித்துப் பார்ப்பதை விட ஒரு கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்வது லேசு. ஸ்கொயர் என்விடியாவோடு சேர்ந்தது. ஆனா ஜீஃபோர்ஸ் என்ற பேரே அப்போ ஒழுங்கா ஒரு பொருளைக் குறிக்கவில்லை. 2002-ல் வந்த ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ், பேரில் நாலு, உள்ளே பெரும்பாலும் ரெண்டு. அதுக்கு முந்தைய வருஷத்து ஜீஃபோர்ஸ்3-இல் இருந்த பிக்சல் ஷேடர் இதில் இல்லை. ஏடிஐ மட்டும் யோக்கியமா? ரேடியான் 9000 என்ற எண், 8500-ஐ விடப் பெரிசு. கார்டு அதை விட மெதுவு. வாங்குறவன் கடையில் பேரைப் பார்த்து ஏமாறுவான்னு ரெண்டு பேருக்கும் நல்லாத் தெரியும்.

2002 ஆகஸ்ட்டில் ஏடிஐயின் ரேடியான் 9700 ப்ரோ வந்து என்விடியாவை உட்கார வைத்தது. பதிலுக்கு வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவின் ஃபேன் சத்தத்தை உலகமே கேலி செய்தது. 2003 மே மாதம் இன்னும் பெரிய ரகளை. கார்டுகளுக்கு மார்க் போடும் 3டிமார்க் 03 மென்பொருளை என்விடியாவின் டிரைவர் அடையாளம் கண்டுகொண்டு, அதற்கு மட்டும் குறுக்கு வழியில் ஓடுகிறதென்று ஃப்யூச்சர்மார்க் நிறுவனம் குற்றம் சாட்டியது. குறுக்கு வழியை அடைத்ததும் ஒரு கார்டின் மதிப்பெண் 24 சதவீதம் இறங்கியது. ஏடிஐயும் சுத்தமில்லை, ஆனால் அங்கே இறக்கம் 2 சதவீதத்துக்குள். அடுத்த மாசமே ஃப்யூச்சர்மார்க், அதை 'ஏமாற்று' என்று சொல்லக் கூடாது, 'குறிப்பிட்ட மென்பொருளுக்கான மேம்படுத்தல்' என்று சொல்லணும் என்று என்விடியாவோடு சேர்ந்து அறிக்கை விட்டது. பரீட்சையில் பிட் அடித்தவனுக்கு ஹெட்மாஸ்டரே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி.

ஸ்கொயரும் தன் பங்குக்கு ஒரு சோதனை மென்பொருளை இலவசமா வெளியிட்டது. காசு கொடுத்து விளையாட்டை வாங்கும் முன், உங்க பெட்டி தாங்குமான்னு பார்த்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனா பிசிக்கு வந்த பிறகும் அந்த விளையாட்டு கன்சோல் பிள்ளையாகவே இருந்தது. நொடிக்கு 30 படங்களுக்கு மேல் போகாது. மெனு முழுக்க கன்ட்ரோலருக்காகச் செய்தது. ஆல்ட் டேப் அழுத்தி வேற ஜன்னலுக்குப் போனா, முழுத்திரை கலைந்துவிட்டதென்று சொல்லி விளையாட்டே மூடிக்கொள்ளும். பல வருஷம் அப்படித்தான்.

இதையெல்லாம் படிக்கும்போது சண்டை ரெண்டு பேருக்கு நடுவில்தான் என்று தோணும். எங்க வீட்டு மேஜையில் இருந்தவன் மூணாவது ஆள். அவன் பேரு 'இன்டெல் எக்ஸ்ட்ரீம் கிராஃபிக்ஸ்'. பேரில்தான் எக்ஸ்ட்ரீம். முக்கோணக் கணக்குக்கு பிராசசரை நம்பணும், நினைவகத்துக்கு மெயின் ராமில் கை வைக்கும். 128-இல் அது எடுத்தது போக விண்டோஸ் எக்ஸ்பிக்கே மூச்சு முட்டும். சரி, ஒரு கார்டு வாங்கிப் போடலாம்னு அப்பாவைக் கரைத்து, பெட்டியைத் திறந்தால் ஏஜிபி ஸ்லாட்டே இல்லை. விற்றவர் 845 சிப்செட்னு சொன்னார். கடைசியில் இருந்த 'ஜிவி' என்ற ரெண்டு எழுத்தைச் சொல்லலை. அந்த ரகத்தில் ஸ்லாட் கிடையாது. "அதான் உள்ளேயே கார்டு இருக்கே தம்பி"ன்னார்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. எண்ணிக்கையில் பார்த்தால் 2000களின் நடுவில் உலகத்திலேயே அதிக கிராஃபிக்ஸ் விற்றது என்விடியாவும் இல்லை, ஏடிஐயும் இல்லை, இன்டெல்தான். டப்பாவின் பின்பக்கத்தில் இடமே இல்லாத ஒருத்தன்தான் பெரும்பாலான வீடுகளில் உட்கார்ந்திருந்தான்.

கார்டு மட்டுமா தடை? மாதச் சந்தா 12.95 டாலர், அன்றைய கணக்கில் 590 ரூபாய் பக்கம். நெய்வேலியில் கரண்டுக்குப் பஞ்சமில்லை. 1962-ல் இருந்து நிலக்கரியை எரித்து நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் ஊர். பஞ்சம் நெட்டுக்கு. டயல்-அப்பில் 6 ஜிபியை இறக்க ரெண்டு வாரம், லைன் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் இருந்தால். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்து 256 கேபிபிஎஸ் கிடைத்த பிறகும், மாசத்துக்கு இத்தனை எம்பி என்று வரம்பு. ராத்திரி 2 மணியில் இருந்து காலை 8 மணி வரை கணக்கில்லை என்ற திட்டம் வந்தபோது எங்க பிளாக்கில் பல ஜன்னல்களில் அந்நேரத்துக்கு வெளிச்சம் தெரியும். அந்த வேகத்தில் 6 ஜிபிக்கு ஒன்பது ராத்திரி.

அதனால் இந்தியாவுக்கு சர்வரோடு வந்த ஆரம்பகால ஆன்லைன் ரோல் ப்ளேயிங் கேம்களில் ராக்னராக் ஆன்லைன் இருந்தது எனக்கு ஆச்சரியமா இல்லை. கொரியாவின் கிராவிட்டி செய்தது, இங்கே லெவல் அப் நடத்தியது. தரையும் கட்டடமும் முப்பரிமாணம், ஆட்கள் மட்டும் கையால் வரைந்த தட்டைப் படங்கள். திரையில் ஐம்பது பேர் கூடினாலும் முக்கோணக் கணக்கு ஏறாது. ஆன்போர்டிலேயே ஓடும். அதை அழகுக்காகச் செய்தாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க. அழகுதான், மறுக்கலை. ஆனா கார்டு இல்லாதவனையும் உள்ளே விட்ட கதவு அதுதான்.

ஏடிஐயை 2006-ல் ஏஎம்டி வாங்கியது. ஃபைனல் ஃபேன்டசி 11-இன் ப்ளேஸ்டேஷன் 2 பதிப்பு 2016 மார்ச் 31-ஆம் தேதி மூடப்பட்டது. கன்சோலில் பிறந்த விளையாட்டு இப்போ பிசியில் மட்டும்தான் இருக்கு. போன மாசம் லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தேன். கார்டு கிடையாது, இன்டெல் ஆன்போர்டுதான். ஓடுது.