பில்ஸன் நகரத்துப் பொன்னிற பியர்

கண்ணாடிக் கிண்ணத்தில் பொன்னிறமாய்த் தெளிந்து, வெண்ணுரை ததும்ப நிற்கும் லாகர் பியரை நம் நாட்டு நகரங்களிற் கண்டிராதார் இலர். குடிப்போர் உளர், வெறுப்போரும் உளர். ஆயின் அஃது ஓர் ஊராரின் சினத்திற் பிறந்த பானம் என்பதை அறிந்தோர் சிலரே.

பொஹிமியா நாட்டுப் பில்ஸன் நகரம் இன்று செக் குடியரசைச் சேர்ந்தது. பியர் காய்ச்சும் உரிமை அந்நகரக் குடிகளுக்குப் பன்னூறாண்டுகளாக இருந்து வந்தது. உரிமை இருந்ததேயன்றித் தரம் இருந்ததில்லை. ஒரு நாள் நன்றாயிருக்கும். மறுநாள் புளித்து நாறும். 1838-ஆம் ஆண்டில், கெட்டுப்போன பியர் 36 பீப்பாய்கள் நகர மண்டபத்தின் முன்னே தெருவிற் கொட்டப்பட்டன. கொட்டியதோடு நின்றிருப்பின் உலகம் அதனை மறந்திருக்கும். உரிமை படைத்த குடிகள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு பொது ஆலையை எழுப்பினர். முன்னாளில் நம் தோட்டத்துக் கள்ளுக்கடையிற் புளித்த கள்ளைப் பெற்ற தொழிலாளி அதனை யார் வாசலிற் கொட்டியிருக்க முடியும்?

பவேரியாவிலிருந்து ஜோசப் குரோல் என்பார் வரவழைக்கப்பட்டார். முரட்டுக் குணத்தவர் என்பர்; ஆயினும் தொழிலில் வல்லவர். பவேரியர் பியரைக் குளிர்ந்த நிலவறைகளில் நெடுநாள் கிடத்தி வைப்பர். 'லாகர்' என்னும் ஜெர்மன் சொல்லுக்குக் கிடங்கு என்பதே பொருள். அக்குளிரில் ஈஸ்ட்டு என்னும் நுண்ணுயிர் மெல்ல வேலை செய்து அடியிற் படிய, மேலே பானம் தெளியும். ஆனால் பவேரியப் பியர் கருநிறமுடையது. குரோலோ, புகை படாமல் வெப்பக் காற்றில் உலர்த்திய வெளிறிய பார்லி முளையையும், ஸாட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸ் பூவையும், உப்புச்சத்து மிகக் குறைந்த பில்ஸன் நீரையும் சேர்த்தார். 1842 அக்டோபர் 5-ஆம் நாள் காய்ச்சியது, நவம்பரில் ஊராருக்கு வார்க்கப்பட்டது. 1845-இல் ஒப்பந்தம் முடிய, குரோல் தம் ஊர் திரும்பினார்.

அதன் சுவையை எங்ஙனம் கூறுவது? முதலில் நாவில் முளைதானியத்தின் இலேசான இனிப்பு. உடனே பூவின் மணம். விழுங்கிய பின்னரே கசப்பு வந்து தங்கும். அக்கசப்பு கடுகடுப்பாக இல்லாமைக்கு அந்த மென்னீரே காரணம். மெல்லிய பானத்திற் குற்றத்தை மறைக்க இடமில்லை. கருநிறப் பியரில் வறுத்த மணம் சிறு பிழையை மூடிவிடும். இதிலோ சிறிது கெட்டாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆதலின் குளிரும் தூய்மையும் இதற்கு உயிர். குளிர் நாட்டாருக்கு நிலவறையும் பனிக்கட்டியும் இருந்தன. 1870-களில் ஜெர்மானியரான கார்ல் லிண்டே செய்த குளிர்ப்பொறி அக்குளிரை எந்நாட்டிற்கும் உரியதாக்கியது. 1883-இல் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பர்க் ஆலையில் எமில் ஹான்ஸன் தூய ஈஸ்ட்டை ஒற்றை உயிரணுவிலிருந்து வளர்த்துக் காட்டினார். அம்முறையை அவ்வாலை மறைத்து வைக்கவில்லை. பிற ஆலைகளும் அதனைக் கைக்கொண்டன.

பனியே காணாத சிங்கப்பூரில் 1932-இல் டைகர் பியர் வெளிவந்தது. குளிர்ப்பொறி இல்லையேல் நம் வெயிலில் அது மூன்று நாளிற் புளித்த கஞ்சியாகியிருக்கும்.